புலிகள் காப்பகத்தில் யார் சொல் செல்லும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதுமலை, சத்தியமங்கலம், பர்கூர் பக்கம் குடியிருப்பவர்களும், அந்தக் காடுகளைத் தூரத்திலிருந்து நேசிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சட்டத்தில் இருப்பதையும் நடைமுறையில் நடப்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். இரண்டுக்கும் நடுவில் சில இடங்களில் பெரிய பள்ளம் இருக்கிறது.

காடு மத்திய அரசுடையதா, மாநில அரசுடையதா?

நிலம் மாநிலத்தினுடையது. ரேஞ்சர், பாரஸ்டர், கார்டு எல்லாரும் மாநில அரசு ஊழியர்கள். ஆனால் 1976-இல் வந்த 42-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், காடுகளையும் காட்டு விலங்குப் பாதுகாப்பையும் மாநிலப் பட்டியலிலிருந்து எடுத்துப் பொதுப் பட்டியலில் வைத்துவிட்டது. 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டு நிலத்தை வேறு வேலைக்குக் கொடுக்க வேண்டுமென்றால் தில்லியின் அனுமதி வேண்டும். சரணாலயத்தின் எல்லையை மாற்ற தேசிய வனவிலங்கு வாரியத்தின் பரிந்துரை வேண்டும். புலிகள் காப்பகம் என்றால் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையமும் சேர்ந்துகொள்ளும்.

ஆக, மாநில அரசு ஒரு சரணாலயத்தை அறிவிக்கலாம். தன்னிச்சையாகச் சுருக்க முடியாது. இந்தக் கட்டுப்பாடு நல்லது என்பதுதான் என் எண்ணம். 2020-இல் வேடந்தாங்கல் சரணாலயத்தின் 5 கிலோமீட்டர் சுற்றளவை 3 கிலோமீட்டராகக் குறைக்கும் யோசனை மாநிலத்திலிருந்து கிளம்பியபோது, அதைக் கேள்வி கேட்க ஓர் இடம் இருந்ததே இந்த ஏற்பாட்டால்தான்.

சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம்: உள்ளே குடியிருப்பவருக்கு என்ன வித்தியாசம்?

நிறைய. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி, தேசியப் பூங்காவுக்குள் மாடு மேய்க்கவே கூடாது. அங்கே இருந்த உரிமைகளைத் தீர்த்து முடித்த பிறகுதான் பூங்காவை இறுதியாக அறிவிக்க வேண்டும். சரணாலயத்தில் அப்படி இல்லை. சில உரிமைகள் தொடரட்டும் என்று தலைமை வன உயிரினக் காப்பாளரைக் கலந்துகொண்டு மாவட்ட ஆட்சியர் விடலாம்; மேய்ச்சலை ஒழுங்குபடுத்தலாம்.

புலிகள் காப்பகம் 2006 திருத்தத்தில் சட்டத்துக்குள் வந்தது. அதில் உள்மண்டலம், வெளிமண்டலம் என்று இரண்டு. உள்மண்டலம் புலிக்காக மனிதத் தொந்தரவு இல்லாமல் வைக்கப்பட வேண்டிய பகுதி. வெளிமண்டலத்தில் மனிதரும் விலங்கும் சேர்ந்து வாழலாம், அதன் எல்லையைக் கிராம சபையைக் கலந்தே தீர்மானிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. உள்மண்டலத்துக்கு நிபுணர் குழுவைக் கலந்தால் போதும். ஆனால் அங்கேயும் பழங்குடியினர், பிற காடுவாழ் மக்களின் உரிமைகளைப் பாதிக்காமல்தான் அறிவிக்க வேண்டும் என்று அதே பிரிவில் எழுதியிருக்கிறது. அந்த வரியைப் பலர் படிப்பதில்லை.

முதுமலையில் 2007 டிசம்பரில் என்ன நடந்தது? ஏன் இன்னும் பேசுகிறார்கள்?

2006 டிசம்பரில், காடுவாழ் மக்களின் உரிமைகளை அங்கீகரிக்கும் வன உரிமைச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஓராண்டு கழித்து, 2007 டிசம்பர் 31 அன்றுதான் அது நடைமுறைக்கு வந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன், நவம்பரில், தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதி, உள்மண்டலங்களை உடனே வரையறுத்து அனுப்பச் சொன்னது. அவகாசம் இரண்டு வாரம்கூட இல்லை. ஆண்டு முடிவதற்குள் நாடு முழுவதும் பல காப்பகங்களில் உள்மண்டலங்கள் அவசர அவசரமாக அறிவிக்கப்பட்டன. முதுமலைக்கு அறிவிப்பு வந்தது டிசம்பர் 28. உரிமைச் சட்டம் உயிர் பெறுவதற்கு மூன்று நாள் முன்பு!

தற்செயல் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிறகு வெளிமண்டலம் பற்றிப் பேச்சு எழுந்தபோது மசினகுடி, கூடலூர் பக்கம் கடையடைப்பும் ஊர்வலமுமாக இருந்ததற்கு இந்த அவசரமும் ஒரு காரணம். புலியின் மேல் யாருக்கும் கோபம் இல்லை. கேட்காமல் கோடு போட்டதுதான் அவர்களை உறுத்தியது.

கிராம சபைக்கு உண்மையிலேயே அதிகாரம் இருக்கிறதா? பஞ்சாயத்தில் நடக்கும் அதே கிராம சபையா?

இங்கேதான் பெரிய குழப்பம். ஊராட்சியில் மே 1, ஆகஸ்ட் 15 என்று கூடுகிற கிராம சபை வேறு. வன உரிமைச் சட்டம் சொல்லும் கிராம சபை ஒரு குடியிருப்புக்கு, ஒரு பாடிக்கு, ஒரு மலைக்கிராமத்துக்கு உரியது. பெரிய ஊராட்சி ஒன்றில் பத்துக் குக்கிராமங்கள் இருந்தால் பத்துச் சபைகள் வைக்கலாம். ஊராட்சி அளவில் கூட்டினால் கீழே சமவெளியில் இருப்பவர்களின் எண்ணிக்கையில் மலைக்கிராமத்தின் குரல் அமுங்கிப்போகும். சட்டம் இதை எதிர்பார்த்துத்தான் எழுதப்பட்டது. நடைமுறையில் அதிகாரிகளுக்கு ஊராட்சி அளவுதான் வசதி.

2012 விதித் திருத்தத்துக்குப் பிறகு, கூட்டம் செல்லுபடியாக உறுப்பினர்களில் பாதிப் பேராவது வர வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். இந்தச் சபை தேர்ந்தெடுக்கும் வன உரிமைக் குழு மனுக்களை விசாரிக்கும். அப்புறம் உட்கோட்டக் குழு, அதற்கு மேல் ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழு.

உரிமை இரண்டு வகை. ஒன்று தனிநபர் உரிமை: 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே பயிர் செய்து குடியிருக்கும் நிலம், அதிகபட்சம் 4 ஹெக்டேர். மற்றது சமூக உரிமை: தேன், கடுக்காய், சீகக்காய் போன்ற சிறு வனப்பொருட்களைச் சேகரிப்பது, மேய்ச்சல், மீன், நீர்நிலை. இவற்றுக்கு மேலே ஒன்று இருக்கிறது, அதுதான் இந்தச் சட்டத்தின் முதுகெலும்பு: ஊர் வழக்கமாகக் காத்து வந்த காட்டைப் பாதுகாக்கவும் நிர்வகிக்கவும் ஊருக்கே உள்ள சமூக வன வள உரிமை. தேசியப் பூங்காவும் சரணாலயமும்கூட இதற்கு விலக்கு இல்லை.

பட்டா கொடுத்தோம் என்று அரசு விளம்பரம் செய்யும்போது அது பெரும்பாலும் முதல் வகை. நிர்வாக அதிகாரத்தைப் பகிர்வது கடைசி வகை. இரண்டையும் ஒன்றாக எண்ணிக் கூட்டிக் காட்டுவது வழக்கமாகிவிட்டது.

தமிழ்நாட்டில் ஏன் இவ்வளவு தாமதம்?

2008-இல் ஒரு வழக்கில், பட்டா வழங்குவதற்கு முன் தன்னிடம் உத்தரவு பெற வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அந்தத் தடையை உச்ச நீதிமன்றம் நீக்கியது 2016 பிப்ரவரியில். எட்டு ஆண்டுகள் போய்விட்டன. பிறகு 2019 பிப்ரவரி 13 அன்று, மனு நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றச் சொல்லி உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டு, இரண்டு வாரத்தில் அதை நிறுத்தி வைத்தது. மலையில் இருப்பவருக்கு இந்தச் செய்திகள் எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மக்களைக் காட்டை விட்டு வெளியேற்ற முடியுமா?

கட்டாயப்படுத்தி முடியாது. வன உரிமைச் சட்டம் கேட்கும் நிபந்தனைகள் கடுமையானவை. முதலில் உரிமைகளை அங்கீகரித்து முடிக்க வேண்டும். அவர்கள் இருப்பதால் விலங்குக்கு மீளாத சேதம் என்று நிரூபிக்க வேண்டும். சேர்ந்து வாழ வேறு வழி இல்லை என்ற முடிவுக்கு வந்திருக்க வேண்டும். கிராம சபை எழுத்தில் சம்மதம் தர வேண்டும். போய்ச் சேரும் இடத்தில் வீடும் நிலமும் தயாராக இருக்க வேண்டும். வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் புலிகள் பகுதியும் ‘மனமுவந்த இடமாற்றம்’ என்றுதான் சொல்கிறது.

பணம்: இடம்பெயரும் ஒரு குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாயாக இருந்த உதவித் தொகுப்பு 2021-இல் 15 லட்சமானது. 2024 ஜூனில் புலிகள் ஆணையம் மாநிலங்களுக்கு எழுதிய கடிதத்தில், உள்மண்டலங்களில் இன்னும் 591 கிராமங்களும் 64,801 குடும்பங்களும் இருப்பதாகச் சொல்லி, இடமாற்றத்தை முடுக்கச் சொன்னது. நாடு முழுவதும் ஆதிவாசி அமைப்புகள் எதிர்த்தன. மனமுவந்து போக வேண்டியதற்கு மேலிருந்து கால அட்டவணை கேட்பது எனக்கும் முரணாகவே படுகிறது.

முதுமலை உள்மண்டலத்தில் பென்னை, முதுகுளி போன்ற ஊர்களிலிருந்து பல குடும்பங்கள் வெளியே வந்தன. அவர்களில் விவசாயிகளான மவுண்டாடன் செட்டிகளில் பலர் தாங்களே இடமாற்றம் கேட்டவர்கள். யானை, காட்டுப்பன்றி, சாலை இல்லாமை, ஆஸ்பத்திரிக்குத் தூரம் என்று அவர்களுக்குக் காரணங்கள் இருந்தன. பணியர், காட்டுநாயக்கர் குடும்பங்களின் கதை வேறு. வங்கிக் கணக்கையே அதிகம் பார்க்காதவர்கள் கையில் லட்சக்கணக்கில் பணம் வந்தபோது, நிலம் வாங்கித் தருகிறோம் என்று இடைத்தரகர்கள் நுழைந்து ஏமாற்றியதாகப் புகார்கள் எழுந்து போலீஸ் வரை போயின. ஒரே திட்டம், ஒரே தொகை, இரு சமூகங்களுக்கு இரு விளைவுகள். தில்லியில் எழுதும் தொகுப்பில் இந்த வேறுபாடு தெரிய வழியே இல்லை.

மக்கள் உள்ளே இருந்தால் புலி பெருகாது என்கிறார்களே?

சில இடங்களில் அது உண்மைதான். புலி குட்டி போட்டு வளர்க்க அமைதியான இடமும், நிறைய மானும் காட்டெருமையும் வேண்டும். கால்நடை அதிகமாக மேய்ந்தால் தீவனம் குறையும், நோயும் பரவும். மாட்டைக் கொன்ற புலிக்கு விஷம் வைக்கும் சம்பவங்களும் நடக்கின்றன.

ஆனால் எல்லா இடத்துக்கும் அதே கணக்கு இல்லை. ராஜஸ்தானின் சரிஸ்கா முழுக்க வனத்துறையின் கையில் இருந்தது. 2005-இல் அங்கே ஒரு புலிகூட இல்லை என்பது வெளியே வந்தது. வேட்டைக் கும்பல் எல்லாவற்றையும் முடித்துவிட்டிருந்தது. அதன் பிறகு பிரதமர் அமைத்த புலிப் பணிக்குழு, உள்ளூர் மக்களைப் பகைத்துக்கொண்டு புலியைக் காக்க முடியாது என்ற திசையில்தான் பேசியது. மறுபக்கம் சத்தியமங்கலம். 2013-இல் காப்பகமானது, உள்ளேயும் ஓரத்திலும் சோளகர், ஊராளி ஊர்கள் இருக்கின்றன. 2010-க்குப் பிறகு புலிகளை இரட்டிப்பாக்கியதற்காக 2022-இல் சர்வதேச விருது வாங்கியது.

மலைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1974-இல் சரணாலயமானதும் சோளகர்கள் காட்டுக்குள் சிறு தீ வைக்கும் பழக்கம் தடை செய்யப்பட்டது. கோடை முற்றுவதற்கு முன்பே தரையோடு போகும் இலேசான தீ அது. தடைக்குப் பிறகு உண்ணிச்செடி (லாண்டானா) காடு முழுக்க அடர்ந்துவிட்டது, புல் போய்விட்டது, பின்னால் வரும் தீ மரத்தையே எரிக்கும் பெரிய தீயாகிறது என்பது சோளகர்களின் வாதம். அங்கே பல ஆண்டுகள் வேலை செய்த ஆய்வாளர்களும் அதற்குச் செவி கொடுக்கிறார்கள். 2011 ஜனவரியில் அது புலிகள் காப்பகமானது. அதே ஆண்டில் சோளகர்களின் 25 கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. புலிகள் காப்பகத்துக்குள் இப்படி ஒரு அங்கீகாரம் கிடைத்ததில் இதுதான் நாட்டிலேயே முன்னோடி. பட்டயம் கையில் இருக்கிறது. ஆனால் காட்டின் வேலைத்திட்டத்தை எழுதும் பேனா இன்னும் வனத்துறையிடம்தான் இருக்கிறது.

வேட்டைத் தடுப்புக் காவலராக உள்ளூர்க்காரர்களைத்தானே எடுக்கிறார்கள்? அது பங்கேற்பு இல்லையா?

வேலை கொடுப்பது நல்லது. தெப்பக்காடு முகாமில் யானைகளைப் பராமரிக்கும் பாகன்களும், அவர்களின் உதவியாளர்களான காவடிகளும் பெரும்பாலும் குறும்பர், இருளர், காட்டுநாயக்கர்தான். அவர்கள் இல்லாமல் அந்த முகாம் ஒரு நாள் ஓடாது. ஆனால் தற்காலிகச் சம்பளத்தில் ரோந்து போகிறவர், எந்தப் பாதையை மூடுவது என்ற கூட்டத்தில் உட்காருவதில்லை. வனத்துறையும் ஊரும் சேர்ந்து காட்டைப் பார்த்துக்கொள்ளும் கூட்டு வன மேலாண்மை 1990-களில் வந்தபோது உருவான கிராம வனக் குழுக்களிலும் இதே கதை: தலைவர் ஊர்க்காரர், செயலாளர் வனத்துறை ஊழியர், கணக்குப் புத்தகமும் காசோலையும் அவரைத் தாண்டிப் போகாது. உழைப்பில் பங்கு, வருமானத்தில் கொஞ்சம் பங்கு, முடிவில் பங்கு: மூன்றும் வேறு வேறு. முதலாவதைக் கொடுத்துவிட்டு மூன்றாவதைக் கொடுத்ததாகச் சொல்லக்கூடாது.

அப்படியானால் தேக்கடி மாதிரியா சரி?

தேக்கடி இருக்கும் கேரளத்தின் பெரியாறு காப்பகம் நிஜமாகவே வித்தியாசமானது. 1990-களின் இறுதியில் சூழல் மேம்பாட்டுத் திட்டம் நடந்தபோது, காட்டு இலவங்கப்பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றுக்கொண்டிருந்தவர்களை அழைத்துப் பேசினார்கள். தொழிலை விட்டால் வழக்குகளில் சலுகை, பதிலுக்குச் சுற்றுலா வழிகாட்டி வேலையும் காவலும். காட்டின் ஒவ்வொரு மடிப்பும் தெரிந்தவர்கள் காவலுக்கு வந்ததும் கடத்தல் குறைந்தது. மன்னான், பளியர் குடியிருப்புகளுக்கும் தனிக் குழுக்கள் வந்தன. வசந்த சேனை என்று பெண்கள் கூலி வாங்காமலே ரோந்து போகிறார்கள். திட்டப் பணம் நின்ற பிறகும் ஏற்பாடு கலையாமல் இருக்க 2004-இல் பெரியாறு அறக்கட்டளை அமைந்தது. சுற்றுலா வருமானம் அங்கேயே சுழல்கிறது.

ஒரு நிபந்தனை: தேக்கடிக்கு வருமானம் தரும் ஏரியும் படகும் இருக்கின்றன. சுற்றுலாவே இல்லாத காப்பகத்தில் அதே வரவு செலவு ஒத்துவராது. அப்புறம், அங்கேயும் குழுக்களை உருவாக்கியது வனத்துறைதான்; நல்ல அதிகாரி போனால் என்ன ஆகும் என்ற கேள்வி இருந்துகொண்டே இருக்கிறது. உரிமையாக வந்ததை யாரும் எளிதில் எடுத்துவிட முடியாது. சலுகையாக வந்தது உத்தரவு மாறினால் போய்விடும்.

உள்ளூர் மக்களே தவறான முடிவு எடுத்தால்?

எடுப்பார்கள். கிராம சபை என்றால் எல்லாரும் ஒரே மனதாக இருக்கும் கூட்டம் என்று நினைப்பவர்கள் ஒரு சபைக்கும் போனதில்லை. நிலம் உள்ளவர், இல்லாதவர், ரிசார்ட்டுக்கு இடம் விற்றவர், அந்த ரிசார்ட்டில் வேலை செய்பவர் எல்லாரும் உள்ளூர்தான்.

சீகூர் பீடபூமியை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்கே சத்தியமங்கலம் காட்டுக்கும் யானைகள் போய்வரும் வழி அது. நடுவில் ரிசார்ட்டுகளும் மின்வேலியும் முளைத்தன. 2010-இல் மாநில அரசு யானை வழித்தடத்தை அறிவித்தது, 2011-இல் உயர் நீதிமன்றம் அதை ஏற்றது, 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இந்த விஷயத்தை மசினகுடியில் ஓட்டெடுப்புக்கு விட்டிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கலாம். யானை பல மாவட்டங்களையும் மூன்று மாநிலங்களையும் கடந்து நடக்கிறது; அதன் வழியை ஓர் ஊர் மட்டும் தீர்மானிக்க முடியாது. வழித்தடம், வேட்டைக் கும்பல், அணை, சுரங்கம்: இவை மேல்மட்டத்தில் கடுமையாக இருக்க வேண்டியவை. தேன் எப்போது எடுப்பது, எந்த ஓடையில் மாட்டை விடுவது, எந்தச் சரிவில் உண்ணிச்செடியை அகற்றுவது போன்றவற்றுக்குத் தில்லியும் வேண்டாம், சென்னையும் வேண்டாம். இன்றைய சிக்கலே இது தலைகீழாக நடப்பதுதான்: விறகுக் கட்டுக்குக் கெடுபிடி, பெரிய திட்டங்களுக்கு விட்டுக்கொடுப்பு.

அரிட்டாபட்டியில் நடந்தது இதற்கு எதிரான உதாரணமா?

ஆமாம், அங்கே ஊர்தான் காவல் நின்றது. மேலூர் பக்கம் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் இரண்டையும் சேர்த்து சுமார் 193 ஹெக்டேரைத் தமிழக அரசு 2022 நவம்பரில் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தது. மாநிலத்தில் முதல் முறை. 2024 நவம்பரில் அந்தப் பகுதியையும் உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலத்தின் முடிவை மத்திய அரசு அறிவித்தது. 2023-இல் சட்டத்தைத் திருத்தி, டங்ஸ்டன் போன்ற முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசே வைத்துக்கொண்டிருந்தது. கிராம சபைகள் தீர்மானம் போட்டன, டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் போட்டது, ஜனவரியில் மேலூரிலிருந்து மதுரைக்குப் பெரும் பேரணி நடந்தது. 2025 ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது.

கவனிக்க வேண்டியது: மரபுத் தலம் என்ற அறிவிப்பு மட்டும் ஏலத்தைத் தடுக்கவில்லை. ஊர் எழுந்ததால்தான் நின்றது.

பர்கூர் மாடுகளுக்கு என்ன பிரச்சினை?

செந்நிறத்தில் வெள்ளைத் திட்டுகளோடு இருக்கும் பர்கூர் மாடு காட்டுக்குள் பட்டி போட்டு வளர்க்கப்படும் இனம். 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலைத் தடை செய்து, பிறகு தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று அதைச் சுருக்கியது. பர்கூர் அப்போது வெறும் காப்புக்காடு (வனச் சட்டப்படி அரசு ஒதுக்கி வைத்த காடு), அதனால் தப்பியது. 2024 ஜனவரியில் அந்தியூர், கோபிசெட்டிபாளையம் வட்டங்களில் சுமார் 805 சதுர கிலோமீட்டர் தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயம் ஆனது. உடனே அந்தத் தடை தங்கள் தலையில் விழுமோ என்ற பயம் வந்தது. சட்டம் சரணாலயத்தில் மேய்ச்சலை ஒழுங்குபடுத்தச் சொல்கிறதே தவிர, ஒழிக்கச் சொல்லவில்லை. மேய்ச்சல் சமூக வன உரிமைகளில் ஒன்றும்கூட. இனத்தைக் காக்க ஆராய்ச்சி நிலையம் வைத்துவிட்டுப் பட்டியை மூடினால் அந்த இனம் எங்கே மேயும்?

கடலுக்கும் இதே கேள்விகள்தானா?

ஆம். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றி 1986-இல் கடல் தேசியப் பூங்கா வந்தது. தீவோரம் பாசி எடுத்துப் பிழைத்த ராமநாதபுரம் மாவட்டப் பெண்களுக்கும் வனத்துறைக்கும் ஓயாத இழுபறி. அந்தப் பெண்களே கூடி மாதத்தில் 12 நாள் மட்டும் பாசி எடுப்பது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். இந்த மாதிரி ஒழுங்கை எந்த ரோந்துப் படகாலும் கொண்டுவர முடியாது. ஆனால் வன உரிமைச் சட்டத்தைக் கடலுக்குப் பொருத்துவது கடினம், அதனால் அவர்களுக்குக் கையில் பிடிக்க ஒரு காகிதம் இல்லை.

எங்கள் ஊர்ப் பக்கம் சரணாலயம் வரப்போகிறது என்கிறார்கள். என்ன செய்வது?

முதலில் அந்த நிலம் ஏற்கெனவே காப்புக்காடா என்று பாருங்கள். காப்புக்காடு இல்லையென்றால், அரசு முதலில் உத்தேச அறிவிப்பு வெளியிட வேண்டும், ஆட்சியர் உள்ளூர் மொழியில் பிரகடனம் செய்ய வேண்டும், இரண்டு மாதத்துக்குள் உங்கள் உரிமையை எழுதிக் கொடுக்கலாம். காப்புக்காடு என்றால் இந்த விசாரணை எதுவும் இல்லாமல் நேராக இறுதி அறிவிப்பே போடலாம். சட்டம் அப்படித்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் பெரும்பாலும் இந்த இரண்டாவது வழிதான்.

அதனால் அறிவிப்புக்குக் காத்திருக்காமல் வன உரிமைச் சட்டப்படி குடியிருப்பு அளவில் கிராம சபை கூட்டி, வன உரிமைக் குழு அமைத்து, சமூக வன வள உரிமைக்கு மனுப் போடுங்கள். ஊரின் வழக்கமான எல்லையைப் பெரியவர்களோடு நடந்து வரைபடமாக்குங்கள்: கோயில், சுடுகாடு, பட்டி, தேன் பாறை, நீர்ச்சுனை எல்லாம் ஆதாரம்தான், பெரியவர்களின் வாக்குமூலமும் ஆதாரமாக விதிகளிலேயே ஏற்கப்பட்டிருக்கிறது. தீர்மானப் புத்தகத்தில் வந்த எல்லாரின் கையெழுத்தும் ரேகையும் இருக்கட்டும், பெண்களின் எண்ணிக்கையைத் தனியாகக் குறியுங்கள். உட்கோட்டக் குழுவிடம் கொடுக்கும்போது நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். மனுவை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். உட்கோட்டக் குழுவின் முடிவை எதிர்த்து மாவட்டக் குழுவிடம் போக 60 நாள் இருக்கிறது.